மூடிய அறையில் கணப்பு

கார்த்திகை மாதம் பிறந்ததும் நம்முடைய வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஜன்னல்களைச் சாத்துகிறோம். நெருப்பை உள்ளே அழைத்துக் கொள்கிறோம். தனித் தனியே பார்த்தால் இரண்டிலும் குற்றம் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே அறையில், ஒரே இரவில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை நான் புஸ்தகத்தில் படித்தும் தெரிந்து கொள்ளவில்லை. வீட்டில் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். அதை வாசகர்களிடம் சொல்லிவிட வேண்டுமென்று வெகு நாளாக எண்ணம்.

"தமிழ் நாட்டிலே குளிர் காலமா?" என்று சிரிக்கிற சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. சில வருஷம் டில்லியில் இருந்துவிட்டு வந்தவர். மார்கழி விடியற்காலையில் சென்னைப் பட்டணத்தில் உஷ்ணம் 20 டிகிரிக்கு இறங்கினால் போதும், நம்மவர் தலையில் குரங்குக் குல்லாயும் காதில் பஞ்சும் கழுத்தில் துண்டுமாகப் புறப்பட்டு விடுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கட்டும். குளிர் என்பது பழக்கத்தைப் பொறுத்த விஷயம். பத்து மாதம் வெயிலில் காய்ந்த உடம்புக்கு இரண்டு மாதத்து வாடைக் காற்றே பெரிது. நமக்குக் குளிர்கிறது, ஆகையால் நெருப்பைத் தேடுகிறோம்.

எத்தனை விதமான நெருப்பு என்று எண்ணிப் பாருங்கள். வாசற்படியில் அகல் விளக்கு. மழை விட்டதும் படையெடுக்கும் கொசுவுக்காகக் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள். பிள்ளை பெற்ற பெண் தலை முழுகிய பின் கூந்தல் உலர்த்தவும், குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்கவும் சாம்பிராணிப் புகை. அதற்குத் தட்டு நிறையக் கங்கு. குளிக்க வெந்நீருக்குப் பக்கெட்டில் போடும் மின்சாரக் கம்பி, அல்லது குளியலறைச் சுவரில் மாட்டிய காஸ் கீஸர். மலை மேல் இருப்பவர்களுக்கோ இவற்றோடு கணப்புச் சட்டியும் சேர்கிறது.

இவையெல்லாம் நம் பாட்டிமார் காலத்திலும் ஏதோ ஓர் உருவத்தில் இருந்தவைதானே, அப்போது இல்லாத அபாயம் இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக் கொண்டிருந்தேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் பூர்விக வீடு நாட்டு ஓடு வேய்ந்த வீடு. நடுவில் முற்றம். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் பகலில் வெயில் கோடு கோடாக விழும். மழை நாளில் பாத்திரம் வைக்காத இடம் இராது. அடுப்பங்கரைச் சுவரின் உச்சியில் ஓர் ஓட்டை உண்டு. கதவுகளோ, சாத்தினாலும் ஒரு பூனை நுழைகிற அளவு இடைவெளி விட்டுத்தான் சாத்தும். அந்த வீட்டைப் பற்றி என் தகப்பனார் வாழ்நாளெல்லாம் குறைபட்டுக் கொண்டார். பனிக் காலத்தில் என் பாட்டி கங்கு நிறைந்த சட்டியைக் கட்டிலண்டை வைத்துக் கொண்டு சுகமாகத் தூங்கினாள் என்றால், அவளைக் காப்பாற்றியது அந்த ஒழுகுகிற ஓட்டு வீடுதான். அது யாருக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது.

இப்போது நாம் கட்டுகிற வீடு அப்படியா? காங்க்ரீட் கூரை, அலுமினியச் சட்டத்தில் ரப்பர் பதித்து நகரும் கண்ணாடி ஜன்னல், தரையைத் தொட்டுக் கொண்டு சாத்தும் கதவு. எறும்பு நுழைய இடம் தேட வேண்டும். வீட்டை மாற்றி விட்டோம், வழக்கத்தை மாற்றவில்லை. பாட்டியின் கணப்பை எடுத்து வந்து பெட்டி போன்ற அறைக்குள் வைத்து மூடுகிறோம்.

இனி என் கதை.

2016-ம் வருஷம் எனக்கு உதகமண்டலத்துக்கு மாற்றல் ஆயிற்று. நான் சரித்திர உபாத்தியாயர். மனைவி, ஏழு வயதுப் பெண், என் தாயார் ஆகியோருடன் மலை ஏறினேன். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மழைக் காலம் வரையில் உல்லாசமாகத்தான் இருந்தது. டிசம்பர் பிறந்ததும் நிலைமை மாறியது. தலைகுந்தா பக்கத்துப் புல்வெளி காலையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் நம்முடையதாக இராது. நாங்கள் குடியிருந்தது புதிதாகக் கட்டிய மாடி வீடு. வீட்டுக்காரர் ஜன்னல்களின் உறுதியைப் பற்றிப் பெருமையோடு சொல்லித்தான் வாடகையைக் கூட்டிச் சொன்னார்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கரி வாங்கினார்கள். நானும் ஒரு மூட்டை வாங்கினேன். இரும்புச் சட்டி ஒன்றும் வாங்கினேன். இதில் நான் காட்டிய ஜாக்கிரதையைச் சொல்ல வேண்டும். மாடி வராந்தாவில் சட்டியை வைத்துக் கரியைப் பற்ற வைத்து, புகை எல்லாம் அடங்கி, கங்கு சிவந்து, மேலே சாம்பல் பூக்கும் வரை காத்திருந்த பிறகே உள்ளே கொண்டு வந்தேன். சுவாலை இல்லை, புகை இல்லை, வாசனைகூட இல்லை. திரைச் சீலைக்கும் படுக்கைக்கும் எட்டாமல், செங்கல் மேல், அறையின் நடுவில் வைத்தேன். நெருப்பு விஷயத்தில் இதைவிட ஒழுங்காக ஒரு மனிதன் நடந்து கொள்ள முடியாது என்று எனக்கு எண்ணம்.

என் தாயார் கணப்பு வேண்டாமென்று சமையலறையை அடுத்த சின்ன அறையில் கம்பளியைப் போர்த்துக் கொண்டு படுத்தாள். படுக்கப் போகுமுன் எட்டிப் பார்த்து, "சாமி, அந்த ஜன்னலை ஒரு விரக்கடை திறந்து வெய்யி. மூச்சு முட்டும்" என்றாள்.

"புகையே இல்லையே அம்மா, மூச்சு ஏன் முட்டுகிறது? திறந்தால் கணப்பு வைத்ததே வீண்" என்றேன். சொன்னதோடு நில்லாமல், கதவுக்கு அடியில் காற்று வருகிறதென்று ஒரு பழைய சாக்கையும் மடித்து வைத்தேன். எம்.ஏ. படித்தவனுடைய காரியம் இது.

இரவு என்ன மணி என்று தெரியாது. குழந்தை வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறதென்று அழுதாள். என் மனைவி, "என்னங்க, எனக்கும் தலை பிளக்கிறதே" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாலையில் கடை வீதியில் பரோட்டா வாங்கித் தின்றிருந்தோம். "அந்தப் பரோட்டாதான் காரணம்" என்று தீர்மானித்தேன். குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்று எழுந்தேன். எழுந்தவன் இரண்டடி வைக்குமுன் முழங்கால் மடங்கி விழுந்தேன். புத்தி தெளிவாக இருப்பதாகவே தோன்றியது. எழுந்திருக்க வேண்டுமென்றும் தெரிந்தது. கால் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. அதைவிடப் பயங்கரமானது என்னவென்றால், எழுந்திருக்காவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. அந்த எண்ணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

குழந்தையின் அழுகை என் தாயாருக்குக் கேட்டது. அவள் கதவைத் தள்ளியபோது சாக்கு தடுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தாள். எழுபது வயதுக் கிழவி, குழந்தையை இழுத்துக் கொண்டு போய் வராந்தாவில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஜன்னல்களை எல்லாம் படீர் படீர் என்று தள்ளினாள். அந்தக் குளிர் காற்று முகத்தில் அறைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பொழுது விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். முறைப் பணியில் இருந்த டாக்டர் அம்மாள் வயதில் என் பழைய மாணவி போலிருந்தார். நான் பரோட்டாவின் சரித்திரத்தை ஆரம்பித்தேன். அவர் இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, "ராத்திரி அறைக்குள் கரி வைத்தீர்களா?" என்றார். மூவர் முகத்திலும் பிராணவாயு முகமூடி ஏறியது.

பிழைத்து எழுந்த பிறகு எனக்கு ஏற்பட்ட வெட்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கதையை நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன். ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஜூலியன், பட்டத்துக்கு வருமுன், கால் தேசத்தில் லுட்டீஷியா என்ற ஊரில் ஒரு குளிர் காலத்தைக் கழித்தார். இன்றைய பாரிஸ் நகரம்தான் அது. உடம்பை வருத்திப் பழகிய மனிதர்; அறையில் கணப்பு வேண்டாமென்று பிடிவாதமாக இருந்தார். குளிர் மீறிப் போகவே, சுவர் ஈரம் உலரட்டுமென்று சில கங்குகளை மட்டும் கொண்டு வரச் சொன்னார். தலை கனத்தது, தூக்கம் வந்தது, மூச்சுத் திணறி உயிர் போகும் நிலைமை. வெளியே தூக்கிக் கொண்டு போனார்கள். வைத்தியர்கள் தின்றதை வாந்தி எடுக்கச் செய்தார்கள். இதை அவரே ஒரு நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? சுவர்களிலிருந்து வெளி வந்த ஈர ஆவியாம்!

ஜூலியன் 363-ம் வருஷத்தில் யுத்தத்தில் மாண்டார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் ஜோவியன். அவர் 364-ம் வருஷம் பிப்ரவரியில், தலைநகருக்குத் திரும்பும் வழியில், ததஸ்தானா என்ற ஊரில் இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அறையில் வைத்த கரிக் கணப்புதான் காரணம் என்று அக்காலத்தவர் சிலர் எழுதினார்கள். புதிதாகப் பூசிய சுவரின் நாற்றம் என்றார்கள் சிலர். அதிகமாகச் சாப்பிட்டதனால் என்றார்கள் வேறு சிலர். சக்கரவர்த்தி சுவரைப் பழித்தார். நான் பரோட்டாவைப் பழித்தேன். இரண்டு வழக்கிலும் உண்மைக் குற்றவாளி அறையின் நடுவில் சாம்பல் பூத்துச் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அந்தக் குற்றவாளியின் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. கரி தாராளமான காற்றில் முற்றும் எரிந்தால் கரியமில வாயு உண்டாகிறது. காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது இந்த வாயு உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டையில் கரகரப்புக்கூட இல்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற பொருள், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் அதிகப் பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக் கொள்கிறது. இடம் நிரம்பிய வண்டிபோல் இரத்தம் ஓடிக் கொண்டே இருக்கும். பிராணவாயு ஏற வழியில்லை. இந்தச் சூக்ஷ்மத்தைப் பிரெஞ்சு தேசத்து க்ளாட் பெர்னார் 1850-களில் கண்டு சொன்னார். ஸ்காட்லாந்து சாஸ்திரி ஹால்டேன் 1890-களில் அந்த வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து, எந்த அளவில் என்ன செய்கிறது என்று குறித்து வைத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டு போகும் யோசனையும் அவருடையதே. மனிதனுக்கு முன்னால் பறவை மயங்கி விழும். இங்கிலாந்துச் சுரங்கங்களில் இந்தப் பறவைகளுக்கு 1986-ல்தான் விடுதலை கிடைத்தது.

புகை வேறு, இந்த வாயு வேறு என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டும். புகை கண்ணைக் கரிக்கும், இருமச் செய்யும். "என்னைக் கவனி" என்று கூச்சல் போடும். புகை அடங்கின கங்கு கூச்சல் போடாது. நான் வராந்தாவில் காத்திருந்து புகையை விரட்டியது, காவல் நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே அழைத்த கதைதான்.

முதலில் தலை வலி. பிறகு மயக்கம், குமட்டல், வாந்தி. பிறகு கை கால் சோர்வு. தூக்கத்தில் இருப்பவனுக்கோ இந்த எச்சரிக்கை ஒன்றும் எட்டுவதில்லை. எமிலி ஜோலா என்ற பேர் பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியர் 1902-ம் வருஷம் செப்டம்பர் கடைசியில் பாரிஸில் தம் வீட்டில் இப்படித்தான் மாண்டார். புகைபோக்கி அடைபட்டிருந்தது. இரவில் எழுந்தவர் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் விழுந்தார். மனைவி பிழைத்தாள். ஒரே அறையில் பலருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால் உணவைச் சந்தேகிப்பதற்கு முன் நெருப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஜன்னலைத் திற; எல்லோரையும் வெளியேற்று; அதன் பிறகு காரணத்தை ஆராயலாம். வெளிக் காற்றில் இருந்தால் இரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் சுத்தப் பிராணவாயு கொடுத்தால் சுமார் ஒன்றரை மணியில் அது நடக்கும். ஆகையால் "தெளிந்துவிட்டதே" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கொரோனாக் காலத்தில் நம்மில் பலர் விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். அதை இந்தச் சமயத்தில் நம்பவே கூடாது. விஷ வாயு ஏறிய இரத்தத்தையும் பிராணவாயு ஏறிய இரத்தம் என்றே அது எண்ணிக் கொண்டு, 98 என்றும் 99 என்றும் காட்டிக் கொண்டிருக்கும்.

2020-ம் வருஷம் ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலாப் போன கூட்டத்தில் எட்டுப் பேர், தமன் என்ற மலை ஊரில், ஒரே இரவில் இறந்து போனார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். விடுதி அறையின் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, காஸ் கணப்பை எரியவிட்டுத் தூங்கினார்கள். அங்கே கரி இல்லை. கரிதான் விஷம், காஸ் சுத்தம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்கு உல்லாசமாகப் போன இரண்டு வாலிபர்கள், இறைச்சி சுட்ட கரி அடுப்பின் வாயுவினால் அறையிலேயே இறந்தார்கள். சமவெளியில் உள்ளவர்களும் கணப்பு நமக்கில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. காற்றுப் புக வழியில்லாத குளியலறைக்குள் மாட்டிய காஸ் கீஸர் இதே காரியத்தைச் செய்கிறது. குளிக்கப் போனவர் வெகு நேரம் வரவில்லை என்று கதவை உடைத்த குடும்பங்கள் நம் தேசத்தில் பல. கீஸர் வெளிச் சுவரில் இருக்கட்டும். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். பிள்ளை பெற்றவளின் அறையில் சாம்பிராணி போடுகிறவர்களும் போட்டு முடித்த கையோடு கங்குத் தட்டை வெளியே எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இந்த வாயுவை உணர்ந்து மணி அடிக்கும் சின்னப் பெட்டி இப்போது விலைக்குக் கிடைக்கிறது. மலையில் குடியிருப்பவர்கள் ஒரு பட்டுப் புடவை வாங்குகிற வருஷத்தில் இதையும் ஒன்று வாங்கி மாட்டினால் நல்லது.

சுவாலையுள்ள நெருப்பைப் பற்றி வாசகர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் அபாயம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயினும் இந்த மாதங்களுக்கு உரிய சிலவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கார்த்திகைத் தீபத்தன்று படிக்கட்டுகளில் வரிசையாக விளக்கு வைக்கிறோம். பெண் குழந்தைகள் புதுப் பாவாடை சரசரக்க, அந்தப் படிகளிலேயே ஏறியும் இறங்கியும் ஓடுகிறார்கள். ஒரு விளக்கை ஏற்றக் குனிகிறபோது முந்தானை பின்னால் இருக்கும் விளக்கைத் தொடுகிறது. பருத்தி சீக்கிரம் பற்றிக் கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் முதலியவை உருகித் தோலோடு ஒட்டிக் கொள்ளும். இரண்டில் எது தேவலை என்று தேர்ந்தெடுக்க நான் தயாராக இல்லை. விளக்குகள் திண்ணையிலும் மதிலிலும் மாடத்திலும் இருக்கட்டும், நடக்கிற படியை விட்டுவிடுங்கள். ஏற்றுகிறவர் முந்தானையை இழுத்துச் செருகிக் கொள்ளட்டும். உடுப்பில் தீப்பற்றினால் ஓடத்தான் தோன்றும். ஓடினால் தீ வளரும். அப்படியே கீழே படுத்துப் புரள வேண்டும்; பக்கத்தில் இருப்பவர் கம்பளியையோ ஜமக்காளத்தையோ போட்டு இறுக மூட வேண்டும். இதைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே பழக்கி வைக்கலாம். என் வகுப்பில் பழக்கியிருக்கிறேன். பாடம் நடத்துகிற நாட்களைவிட அன்றைக்குப் பையன்களுக்கு உற்சாகம் அதிகம்.

பக்ஷணம் செய்யும்போது எண்ணெய்ச் சட்டி பற்றிக் கொண்டால் தண்ணீர் விடாதீர்கள். தண்ணீர் கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, ஒரு நொடியில் சுமார் 1,600 மடங்கு ஆவியாக விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரை வரை வாரி அடிக்கும். அடுப்பை அணைத்துத் தட்டினால் மூடுங்கள், அவ்வளவே வேலை.

காஸ் கசிவு குளிர் காலத்தில் ஏன் அதிக மோசம் என்றால், அங்கேயும் காரணம் சாத்திய ஜன்னல்தான். இந்த காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். இயற்கையில் அதற்கு நாற்றம் இல்லை. நாம் அறிந்து கொள்வதற்காகவே நாற்றமுள்ள பொருள் ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். விடியற்காலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தால், விளக்கு ஸ்விட்சைப் போடாதீர்கள், போட்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சில் எழும் சிறு பொறி போதும். ஸிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தீயே பிடித்துவிட்டால் 101, அல்லது 112. ரப்பர்க் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதை என் தெருவில் விசாரித்தேன். அறிந்திருந்தவர் ஒருவர், மாற்றியவர் ஒருவரும் இல்லை. அந்த ஒருவர் நான்தான்.

கொசுவர்த்திச் சுருள் இரவு முழுவதும் கனிகிறது. பஞ்சு மெத்தையின் ஓரம் அதில் பட்டால் மெத்தையும் சுவாலை இல்லாமல் கனியத் தொடங்கும். வெந்நீர்க் கம்பியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு மறந்து போகிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு.

சுட்ட புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. என் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. ஆறாவது படிக்கும்போது வெந்நீர் கொட்டியது. வீட்டில் இருந்தவர்கள் பேனா மையை ஊற்றினார்கள். அடுத்த வீட்டு அம்மாள் தோசை மாவைக் கொண்டு வந்து அப்பினாள். மாமா பற்பசை என்றார். அன்புக்குக் குறைவில்லை. குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டியிருந்தால் தழும்பு இவ்வளவு ஆழமாக இருந்திராது. ஐஸ் கட்டியும் வேண்டாம். சாதாரணத் தண்ணீர் போதும். நகை, வளையல், கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று பூட்டைப் பற்றியது. 2004 ஜூலை 16-ந் தேதியை உபாத்தியாயர்கள் யாரும் மறக்க முடியாது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்ட நாள். சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷத்தில் ஒரு நாள் மணி அடித்து, பிள்ளைகளை வரிசையாக மைதானத்துக்கு இறக்கி ஒத்திகை பார்க்கிறோம். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியதும் நான் என்ன செய்கிறேன்? திருடனுக்குப் பயந்து கம்பிக் கதவைப் பூட்டி, சாவியைப் பீரோவுக்குள் வைக்கிறேன். இரவில் மின்சாரமும் போய், புகையும் சூழ்ந்தால் அந்தச் சாவியை யார் எடுப்பது? உதகை அனுபவத்துக்குப் பிறகு சாவிக்குக் கதவண்டையிலேயே, ஜன்னலிலிருந்து கை எட்டாத இடத்தில், ஓர் ஆணி அடித்தேன். வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிக் கொண்டு அதை எடுத்துப் பழகியிருக்கிறோம்.

என் பாட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் படுத்த பிறகு அவள் மட்டும் ஒரு சுற்று வருவாள். அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்துத் தண்ணீர் தெளிப்பாள். மாடத்து விளக்கை மலையேற்றுவாள். புறக்கடை வெந்நீர் அடுப்பை ஒரு பார்வை பார்ப்பாள். அவளுக்குப் பிறகு அந்தச் சுற்றை என் தாயார் ஏற்றுக் கொண்டாள். உதகையில் நாங்கள் தப்பிய இரவுக்கு மறு நாளிலிருந்து அது இன்னும் நீண்டுவிட்டது. காஸ் குமிழ், கொசுவர்த்தி, கீஸர், ஸ்விட்சுகள், சாவி எல்லாம் அதில் சேர்ந்தன.

நாங்கள் சமவெளிக்கு இறங்கி வெகு காலம் ஆகிறது. என் தாயாருக்கு முழங்கால் வலி. கட்டிலில் இருந்தபடியே அதிகாரம் செய்கிறாள். சுற்று வருகிறவள் இப்போது என் பெண். பரீக்ஷைக்குப் படித்துக் கொண்டிருந்தாலும் பத்து மணிக்கு, "ஆயிற்றா கண்ணு?" என்ற குரல் வரும். "ஆயிற்று அப்பத்தா" என்று இவள் சொல்வாள். "ஜன்னல்?" என்று அடுத்த கேள்வி.

எங்கள் படுக்கையறை ஜன்னலின் சட்டத்தில் என் தாயார் சொல்லி அடித்த ஒரு மரத்துண்டு இருக்கிறது. அதனால் ஜன்னலை எவ்வளவு தள்ளினாலும் ஒரு விரற்கடை மூடாது. மார்கழி வாடை அதன் வழியாக நேரே என் காதுக்கு வருகிறது. குரங்குக் குல்லாய் போட்டுக் கொண்டு படுக்கிறேன்.